போடப்போட இளகும்

"போடப்போட இளகும் தம்பி." சப்பாத்துக் கடையில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த ஆள் எங்களுக்குள் இல்லை. ஜனவரி, பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள் இருக்கும். கடைக்குள் சனம் முட்டி வழியும். அம்மா நிலத்தில் குந்தி இருந்து சப்பாத்தின் முன்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பா. இடம் இருந்தால், "நல்லது, அடுத்த வருசத்துக்கும் காணும்." முன்னுக்குக் கொஞ்சம் பஞ்சு வைத்தால் சரி. இடம் இல்லாமல் இறுக்கிப் பிடித்தால் கடைக்காரர் அந்த வசனத்தைச் சொல்லுவார். பெரிதென்றால் கால் வளரவேணும், சிறிதென்றால் கால் பொறுக்கவேணும். எப்படிப் பார்த்தாலும் வேலை காலுக்குத்தான்.

பூட்ஸ் எண்ட சொல்லு எங்களுக்குக் கொஞ்சம் வேற. பள்ளிக்குப் போடுறது சப்பாத்து, வீட்டில போடுறது பாட்டா. பூட்ஸ் மட்டும் சத்தத்தோடுதான் ஞாபகத்துக்கு வரும், படலைக்கு வெளியே கேட்கிற சத்தம். அதுக்குள்ளும் ஒரு கால் இருந்தது, அந்தக் காலையும் அது கடிச்சிருக்கும் எண்டு யோசிக்கிறது எங்களுக்கு லேசில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பூட்ஸைப் பற்றியது இல்லை. ஆனால் காலுக்குச் சரியாகப் பொருந்துகிற பூட்ஸ் எப்படி இருக்கவேண்டும் என்று உலகத்தில் அதிகம் மண்டையை உடைத்தவர்கள் இராணுவக்காரர்களும் அவர்களுடைய வைத்தியர்களும்தான். அந்தப் பக்கம் போகாமல் இந்த வரலாற்றை எழுத வழியில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சப்பாத்து காலின் மேல் தைக்கப்படுவதில்லை, கால் வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டை ஒன்றின் மேல்தான் தைக்கப்படுகிறது. கால் அச்சு என்று வைத்துக்கொள்வோம். தோலை அந்த அச்சின் மேல் இழுத்துப் பிடித்து, கீழே அடித்தோலைச் சேர்த்துத் தைத்து, கடைசியில் அச்சை உருவி எடுப்பார்கள். ஆகவே ஒரு சப்பாத்து கடிக்குது என்றால் பெரும்பாலும் பிழை தோலில் இல்லை, அச்சில். அந்த அச்சு யாருடைய காலைப் பார்த்துச் செதுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் ஏறக்குறைய 200 வருடங்களுக்கு அது எவருடைய காலையும் பார்த்துச் செதுக்கப்படவில்லை. அதற்கு முந்திய காலத்தில் இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் வேறுவேறாகத் தைத்தவர்கள்தான். 1600 அளவில் உயரமான குதி வைத்த சப்பாத்துகள் வந்தன. குதியின் உயரத்துக்கு ஏற்ப அச்சும் மாறவேண்டும். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டிரண்டு அச்சுச் செதுக்குவது பெரிய செலவு. ஆகவே இடமும் இல்லாத வலமும் இல்லாத ஒரே நேர் அச்சில் இரண்டையும் தைத்தார்கள். எந்தக் காலிலும் போடலாம். ஒரு பக்கமாகத் தேயாமல் இருப்பதற்காக இன்றைக்கு இடதில் போட்டதை நாளைக்கு வலதில் போடவேண்டும் என்று படைகளில் கட்டளைகூட இருந்தது. கால் பழகத் தொடங்கும்போதே சப்பாத்தை மாற்றிவிடுகிற கட்டளை! போடப்போட இளகும் என்ற ஆறுதல்கூட அந்தச் சிப்பாய்களுக்கு இல்லை.

அளவு என்பதும் அப்போது ஒன்றைத்தான் சொன்னது, நீளத்தை. இங்கிலாந்தில் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒன்று. சப்பாத்து அளவுகள் பற்றிய பேச்சு 1688இல் ராண்டில் ஹோம் என்பவர் எழுதிய நூலிலேயே வருகிறது. நீங்கள் இப்போது போட்டிருக்கிற 7ஆம் இலக்கத்துக்கும் 8ஆம் இலக்கத்துக்கும் இடையில் இருப்பது அதே பார்லி மணிதான். எங்கட நாட்டில் பார்லி விளையாது, ஆனாலும் அதால்தான் அளக்கிறோம். அகலம் எவ்வளவு, பாதத்தின் மேல்மேடு எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி அந்த இலக்கம் வாய் திறக்காது.

இது பிழை என்று சொல்ல ஒருவர் வந்தார். பெட்ரஸ் காம்பர் என்ற ஒல்லாந்து உடற்கூற்று அறிஞர். (எங்கட கம்பர் இல்லை.) 1781இல் சிறந்த சப்பாத்தின் வடிவம் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரை, கோவேறு கழுதை, மாடு இவற்றின் கால்களுக்கு மனிதர் எவ்வளவோ கவனம் எடுத்திருக்கிறார்கள், தங்கட சொந்தக் காலை மட்டும் மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. 1858இல் சூரிச்சில் ஹேர்மன் மையர் என்ற இன்னொரு உடற்கூற்றுப் பேராசிரியர் விசயத்தை ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்தார். பெருவிரலின் நடுவிலிருந்து பின்னுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால் அது குதியின் நடுவில் போய் முடியவேண்டும். சப்பாத்தின் முனை நடுவில் கூராக இருந்தால் பெருவிரல் உள்ளுக்குத் தள்ளுப்படும், கோடு உடையும், காலும் உடையும். ஒரு தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறினால் இது யாருக்கும் விளங்கும். காலின் உருவம் மாம்பழம் மாதிரி, முன்னுக்கு அகலம். கடையில் விற்பது வெண்டைக்காய் மாதிரி. இதைச் சொல்லப் பேராசிரியர் தேவைப்பட்டது ஒரு வேடிக்கை. சொன்ன பிறகும் கேட்க ஆள் இருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய வேடிக்கை.

படைகளின் பக்கம் அக்கறை எடுத்தவர்களில் எங்களுக்குப் பிடித்தவர் ஒரு பொறியியலாளர், மார்க் புரூனெல். பிற்காலத்தில் தேம்ஸ் நதிக்குக் கீழால் சுரங்கம் தோண்டியவர். 1809இல் ஸ்பெயினின் கொருன்னாவிலிருந்து தோற்றுத் திரும்பிய பிரித்தானியச் சிப்பாய்கள் போட்ஸ்மத் துறைமுகத்தில் இறங்குவதைப் பார்த்தார். கால்களில் சப்பாத்து இல்லை, இரத்தம் ஊறின கந்தல் சுற்றியிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் அடித்தோல் இரண்டுக்கும் இடையில் களிமண்ணை வைத்துத் தைத்து விற்றிருந்தார்கள். முதல் மழையில் அது கரைந்துவிட்டது. (ஒப்பந்தம், கலப்படம், பில்லு. 200 வருடத்தில் மாறாதது என்னவென்று கேட்டால் இதைச் சொல்லலாம்.) புரூனெல் லண்டனின் பற்றர்சியில் ஒரு தொழிற்சாலை போட்டார். அடித்தோலை ஆணியால் அறைகிற இயந்திரங்கள்; வேலை செய்தவர்கள் போரில் ஊனமான முன்னாள் சிப்பாய்கள். நல்ல பூட்ஸ் வந்தது. பிறகு 1815 வந்தது. வோட்டர்லூவோடு போர் முடிந்தது, அரசாங்கத்துக்குப் பூட்ஸ் தேவைப்படவில்லை, கட்டிவைத்த சரக்கு அவருடைய தலையில் விழுந்தது. 1821இல் கடன்காரர் சிறைக்குப் போனார். அதற்கு வேறு கடன்களும் காரணம், ஆனால் விற்காத பூட்ஸும் அந்தக் கணக்கில் இருந்தது.

19ஆம் நூற்றாண்டு முழுவதும் இயந்திரம் வளர்ந்தது. 1883இல் அமெரிக்காவின் லின் நகரில், சூரினாமிலிருந்து வந்த யான் மட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்துகிற இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் ஒருவர் நாளைக்கு 50 சோடி செய்த இடத்தில் இயந்திரம் 150 சோடிக்கு மேல் செய்தது. சப்பாத்து மலிந்தது. மட்செலிகர் 36 வயதில் காசநோயால் இறந்துபோனார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேணும். இங்கே சொல்லவேண்டியது ஒன்றுதான்: முந்தி தைக்கிறவருக்கு முன்னால் போடுகிறவர் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். இப்போது அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. நடுவில் நிற்பது ஒரு இலக்கம்.

இப்ப எட்வேர்ட் மன்சனின் கதைக்கு வருவோம். இவர் அமெரிக்க இராணுவத்தின் வைத்திய அதிகாரி. 1908இல் இராணுவம் ஒரு சப்பாத்துக் குழு அமைத்தது. நாலு வருடம் அவர்கள் செய்த வேலை கால் பார்ப்பது. ஏறக்குறைய 2,000 சிப்பாய்களின் கால்களை அளந்தார்கள், விதம்விதமான சப்பாத்தைப் போடவைத்து நடக்கவிட்டார்கள், கொப்புளங்களை எண்ணினார்கள். 1912இல் மன்சன் எழுதிய நூல் வந்தது, அவருடைய பெயரில் ஒரு புதிய கால் அச்சையும் இராணுவம் ஏற்றுக்கொண்டது. மையர் கீறின கோடு 54 வருடத்துக்குப் பிறகு ஒரு மரக்கட்டையில் ஏறியது. முன்பக்கம் அகலம், பெருவிரல் நேராக நீட்ட இடம், உட்பக்கம் கிட்டத்தட்ட நேர்கோடு. மன்சன் அச்சில் இன்றைக்கும் பூட்ஸ் செய்கிறார்கள்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த அச்சு இல்லை, அதோடு வந்த கட்டளை. அதை வாசித்தபோது ஒரு தாய் எழுதினது மாதிரி இருந்தது. காலை எப்படி அளப்பது? சிப்பாய் கதிரையில் இருக்கக்கூடாது. முதுகில் 40 இறாத்தல், அதாவது 18 கிலோ சுமையை ஏற்றவேண்டும். பிறகு உடம்பின் முழுப் பாரத்தையும் அளக்கிற காலில் போட்டு நிற்கவேண்டும். ஏனென்றால் பாரம் ஏறும்போது பாதம் நீளும், பக்கவாட்டில் விரியும். இருந்துகொண்டு அளந்த கால் வேற, சுமையோடு நிற்கிற கால் வேற. சப்பாத்தைப் போட்ட பிறகு பெருவிரலுக்கு முன்னால் ஒரு அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் இருக்கவேண்டும். பாதம் அகலமாக இருக்கிற இடத்தில் தோலை விரல்களால் கிள்ளிப் பார்க்கவேண்டும்.

அதுக்குப் பிறகு வருவதுதான் அழகு. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இரண்டரை அங்குலத் தண்ணீரில் 5 நிமிடம் நிற்கவேண்டும், தோல் நன்றாக ஊறி மெதுவாகும் வரைக்கும். பிறகு கழற்றாமல் சமதரையில் ஒரு மணித்தியாலம் நடக்கவேண்டும். காலில் இருந்தபடியே தோல் காயும். காயும்போது அந்தக் காலின் மேடு பள்ளம் எல்லாம் அதில் படியும். கடைசியில் எண்ணெய் பூசுவது. சப்பாத்து இளகவேண்டும் என்பது இங்கும் இருக்கிறது. ஆனால் இளகுகிற வேலையைச் சிப்பாயின் தோலிடம் விடவில்லை, மாட்டின் தோலிடம் ஒப்படைத்தார்கள்.

இன்னொரு விசயம். இந்த அளவெடுப்பைக் களஞ்சியத்தில் இருக்கிற எவரிடமாவது தள்ளிவிட முடியாது. கம்பனியின் கட்டளை அதிகாரி தானே முன்னுக்கு நின்று தன்னுடைய ஆட்களின் கால்களைப் பார்க்கவேண்டும், பொறுப்பு அவருடையது. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு கப்டன் நூற்றுச்சொச்சம் பெடியளின் காலுக்கு முன்னால் குனிந்து பெருவிரலை அமத்திப் பார்க்கிறார். அம்மா செய்த அதே வேலை. காம்பருக்கும் மையருக்கும் தெரிந்தது மன்சனுக்கும் தெரியும், அறிவு புதிதில்லை. ஒரு கால் கடிபட்டால் அதற்கு யார் பதில் சொல்வது என்று எழுதிவைத்ததுதான் புதிது. எங்கட அபிப்பிராயத்தில் இந்த வரலாற்றில் கண்டுபிடிப்பு என்று ஒன்று இருந்தால் இதுதான்.

இரக்கத்தால் செய்ததா எண்டு கேட்டால், இல்லை. காலில் கொப்புளம் வந்தவனால் நடக்க முடியாது. நடக்க முடியாதவனால் சண்டை பிடிக்க முடியாது. நல்ல பூட்ஸ் கொடுத்தது தூரத்துக்கு அனுப்புவதற்காக. அமெரிக்க இராணுவம் அந்த நேரம் பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்திருந்த இராணுவம் என்பதையும் மறக்கவேண்டாம்.

அதே காலத்தில் மற்றப் பக்கத்தில் என்ன நடந்தது? 1914 குளிர்காலத்தில் மேற்கு முன்னரங்கின் பதுங்குகுழிகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பூட்ஸ் இறுக்கம், அதற்கு மேல் காலைச் சுற்றி வரிந்து கட்டின துணிப்பட்டி. குளிரும் ஈரமும் இறுக்கமும் சேர இரத்தம் பாதத்துக்கு இறங்கவில்லை. கால் மரத்து, வீங்கி, நீலம் பாரித்து, சிலருக்கு அழுகியது. பதுங்குகுழிக் கால் என்று அந்த நோய்க்குப் பெயர். கழற்றினால் வீங்கின கால் திரும்ப உள்ளே போகாது, ஆகவே கழற்றப் பயம். பிரித்தானியப் படையில் மட்டும் முதல் குளிர்காலத்தில் 20,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். வெயில்நாட்டு உடுப்போடு மார்செய்யில் வந்து இறங்கின இந்தியச் சிப்பாய்களும் அந்தச் சேற்றுக்குள்தான் நின்றார்கள். பிறகுதான் கட்டளைகள் வந்தன: இரண்டு சோடி சொக்ஸ் போடக்கூடிய அளவுக்குப் பெரிய பூட்ஸ், திமிங்கில எண்ணெய், நாளாந்தம் கால் பரிசோதனை. ஒருவர் காலை மற்றவர் உரஞ்சிவிடவேண்டும். பொறுப்பு மறுபடியும் அதிகாரிகளின் தலையில் போடப்பட்டது, நோயும் குறைந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகும் 1944-45 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் அதே பாடத்தை அமெரிக்க இராணுவம் முதலிலிருந்து படித்தது. பதுங்குகுழிக் காலாலும் அதைப் போன்ற குளிர்க் காயங்களாலும் ஏறக்குறைய 45,000 பேரை முன்னரங்கிலிருந்து எடுக்கவேண்டி வந்தது.

போர்களுக்கு நடுவில் கடைகளுக்கு வேறொரு புதினம் வந்தது. பொஸ்ரனைச் சேர்ந்த ஜேக்கப் லோ என்ற வைத்தியர் முதலாம் உலகப் போர்க் காலத்தில், காயப்பட்ட சிப்பாய்களின் பூட்ஸைக் கழற்றாமலே காலைப் பார்க்க எக்ஸ்ரே கருவியைப் பயன்படுத்தினார். 1920இல் அதைச் சப்பாத்து வியாபாரிகளின் மாநாட்டில் காட்டினார். பிறகு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சப்பாத்துக் கடைகளில் ஒரு மரப்பெட்டி நின்றது. பிள்ளை புதுச் சப்பாத்தோடு ஏறி நின்று காலை உள்ளே விடும். மேலே மூன்று துவாரம்: பிள்ளைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, விற்பனையாளருக்கு ஒன்று. குனிந்து பார்த்தால் பச்சை வெளிச்சத்தில் விரல் எலும்புகள் அசையும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 10,000 பெட்டிகள் இருந்தன.

அதில் தெரிவது எலும்பும் ஆணியும்தான். சதை தெளிவாய்த் தெரியாது, கடிக்கிறது சதையை. பிள்ளையிடம் "எங்கயடா நோகுது?" எண்டு ஒருக்காக் கேட்டிருந்தால் போதும். ஆனால் கேள்வியைவிடப் பெட்டிக்கு மதிப்பு அதிகம், விஞ்ஞானம் எண்டு பெயர் எழுதியிருக்கே. கதிர்வீச்சு பிள்ளையின் காலோடு நிற்கவில்லை, நாள் முழுக்கப் பக்கத்தில் நின்ற விற்பனையாளர்களுக்கும் போனது. 1957இல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடைசெய்தது, பிறகு மற்ற இடங்களிலும் மெல்ல மெல்ல மறைந்தது.

அதே காலத்தில் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் சப்பாத்துக் கடைக்காரரின் மகன் சார்ள்ஸ் பிரனொக், பிள்ளைகள் விளையாடுகிற உலோகத் துண்டுகளைப் பூட்டி ஒரு அளவுகருவி செய்தார். மின்சாரம் இல்லை, கதிர் இல்லை, ஒரு தட்டும் நகர்கிற இரண்டு சட்டங்களும். அது மூன்றை அளக்கும்: நீளம், அகலம், குதியிலிருந்து பெருவிரல் மூட்டு வரையான தூரம். மூன்றாவதுதான் முக்கியம். கால் மடிவது அந்த மூட்டில். சப்பாத்தும் ஒரு இடத்தில் மடியும். இரண்டும் ஒரே இடத்தில் மடியாவிட்டால் இலக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கடிக்கும். ஒரே நீளமான இரண்டு கால்களில் ஒன்றுக்கு விரல் நீளமாகவும் மற்றதுக்குப் பாதம் நீளமாகவும் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் பூட்ஸ் அளவுக்காகப் பிரனொக்கைக் கூப்பிட்டது.

ருஷ்யர்கள் வேறு வழியால் போனார்கள். அவர்களுடைய இராணுவத்தில் சொக்ஸ் இல்லை, துணி. ஒரு நீளத் துணியைப் பாதத்தைச் சுற்றி ஒரு முறையில் வரிந்து, அதோடு உயரமான பூட்ஸுக்குள் காலை விடுவது. கேட்க ஏழ்மையாகத்தான் இருக்கும், ஆனால் அதுக்குள் ஒரு புத்தி இருக்கு. பூட்ஸ் பெரிதென்றால் துணியைக் கூடச் சுற்றலாம். நனைந்தால் காய்ந்த பக்கத்தைத் திருப்பிச் சுற்றலாம். சுருக்கம் விழாமல் சுற்றத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அரை மணித்தியாலத்தில் கொப்புளம். 2013இல்தான் ருஷ்ய இராணுவம் துணியைக் கைவிட்டுச் சொக்ஸுக்கு மாறியது. ஆனால் அந்தப் புத்திக்கும் ஒரு எல்லை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் செம்படைக்குப் போன பெண்களுக்கு ஆண்களின் பூட்ஸைத்தான் கொடுத்தார்கள். ஸ்வெற்லானா அலெக்சியேவிச் அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதிய நூலில் இந்தப் பெரிய பூட்ஸ் திரும்பத் திரும்ப வரும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அதோடு நடந்தவர்கள் அவர்கள். இலட்சக்கணக்கான பெண்களைப் படையில் சேர்த்தவர்களுக்கு அவர்களுடைய கால் கண்ணில் படவில்லை.

இனி எழுத மனம் வராத பகுதி. பேர்ளினுக்கு வடக்கே சக்சன்ஹவுசன் வதைமுகாம். 1940இல் அதன் அணிவகுப்புத் திடலைச் சுற்றி நாசிகள் ஒரு சப்பாத்துச் சோதனைப் பாதை போட்டார்கள். கொங்கிறீற், சாம்பல் மண், மணல், சேறு, சரளை, கருங்கல் என்று துண்டு துண்டாகப் பிரித்த பாதை. போரில் தோல் தட்டுப்பாடு. செயற்கை அடித்தட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்று அறியவேண்டும். அதை நடத்தியது இராணுவம் மட்டுமில்லை, பொருளாதார அமைச்சும் சப்பாத்து, இறப்பர்க் கம்பனிகளும் சேர்ந்துதான். கைதிகள் காலையிலிருந்து மாலை வரைக்கும் அந்தப் பாதையில் நடந்தார்கள், நாளொன்றுக்கு 30, 40 கிலோமீற்றர். சிலருடைய முதுகில் சுமை. சிலருக்குத் தண்டனையாக அளவு சிறிய சப்பாத்துக் கொடுக்கப்பட்டது. விழுந்தவர்கள் எழும்பாவிட்டால் அடி, சிலவேளை சூடு. அடித்தட்டு எத்தனை கிலோமீற்றரில் தேய்ந்தது என்பது கவனமாகக் குறித்துவைக்கப்பட்டது.

மன்சனின் குழுவும் சப்பாத்தைப் போடவைத்து நடக்கவிட்டது, சுமை ஏற்றியது, குறிப்பு எடுத்தது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பரிசோதனை மாதிரித்தான் இருக்கும். ஒன்றில் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள், மற்றதில் சப்பாத்து எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். ஔஷ்விற்சில் இருந்து தப்பி வந்த பிரிமோ லெவி அங்கே சப்பாத்து மாற்றுகிறதைப் பற்றி எழுதியிருக்கிறார். கடித்தால் மாலையில் போய் மாற்றலாம், ஆனால் சன நெரிசலுக்குள் ஒரு பார்வையில், ஒரே ஒரு சப்பாத்தை, சோடியை இல்லை, தெரிவுசெய்யவேண்டும். அளவு பிழைத்தால் கால் புண்ணாகும், புண்ணான காலோடு வேலைக்குப் போக முடியாதவருக்கு அங்கே என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சக்சன்ஹவுசன் இப்போது நினைவிடம். அந்தப் பாதையின் ஒரு பகுதியை இன்றைக்கும் பார்க்கலாம்.

எங்கட பக்கத்துக்கும் ஒருக்கா வருவோம். அமெரிக்க அதிகாரிகள் சிப்பாயின் பெருவிரலை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், மலையகத் தோட்டங்களில் வேலை செய்த எங்கட சனத்தின் கால்களை ஒரு அமெரிக்க நிறுவனம் வேறொரு காரணத்துக்காகக் கவனித்தது. கொக்கிப்புழு. அதன் குடம்பி ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்க் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். றொக்கஃபெலர் மன்றம் 1916இலிருந்து 1922 வரைக்கும் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தது. மருந்து கொடுத்தார்கள், மலசலகூடம் கட்டச் சொன்னார்கள். அதற்கான செலவை ஏற்கத் துரைமாருக்கு விருப்பம் இருக்கவில்லை. வெறுங்கால்தான் நோயின் வாசல் என்று எல்லோருக்கும் தெரியும். கொழுந்து கிள்ளுகிற காலுக்கு எந்த அளவில் சப்பாத்து வேண்டும் என்று அளப்பதற்குத்தான் ஒரு குழுவும் அமைக்கப்படவில்லை.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்களில் ஒருவருக்கு மலை ஏறப் போக பூட்ஸ் தேவைப்பட்டது. நாலு பேராய்ப் போனோம். பின்னேரமாய்ப் போனோம், ஏனென்றால் நாள் முழுக்க நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கி இருக்கும், காலையில் சரியாக இருந்தது அப்போது இறுக்கும். மலையில் போடப்போகிற தடிச்ச சொக்ஸையே கொண்டுபோனோம். இரண்டு காலும் ஒரே அளவு இல்லை, ஆகவே பெரிய காலுக்குப் பார்த்தோம். மன்சன் சொன்னபடி எங்கட புத்தகப் பைகள் எல்லாத்தையும் அவளின்ர தோளில் கொழுவி, ஒற்றைக் காலில் நிற்கவிட்டோம். கடையில் நின்ற மற்றச் சனம் திரும்பிப் பார்த்தது. பெருவிரலுக்கு முன்னால் இடம் இருந்தது, ஆனால் பக்கத்தில் சின்னவிரலை அமத்திக்கொண்டு நின்றது. இதே நீளத்தில் அகலம் கூடினது இருக்கோ எண்டு கேட்டோம்.

"அகலம் எண்டு தனிய வாறேல்லை தங்கச்சி. நம்பர் மட்டும்தான்." பிறகு பூட்ஸை வாங்கிக் கையால் ஒருக்கா வளைத்துக் காட்டினார். "இது நல்ல சாமான். போடப்போட இளகும்."

நாங்கள் ஒரு நம்பர் பெரிசை எடுத்துக்கொண்டு வந்தோம். முன்னுக்குக் கொஞ்சம் பஞ்சு வைக்கவேண்டி வந்தது.